கரண்டி யார் கையில் இருக்கிறது?

சபையில் சண்டை வந்தால் அடுத்த கன்வென்ஷனுக்கு ‘ஐக்கியம்’ என்று தலைப்பு வைத்துவிடுவது நம் வழக்கம். மூன்று நாள் பிரசங்கம், ‘எல்லாரும் ஒன்றாயிருக்க’ என்று இயேசு ஜெபித்த யோவான் 17, கண்ணீர் ஜெபம், கடைசி நாள் இரண்டு தரப்பும் கைகுலுக்கி ஒரு போட்டோ. அடுத்த மாதம் அசனம், அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் பொதுப் பந்தி, வரும். நாலாம் பந்தியில் குழம்பு தண்ணியாக வரும். பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் உபதேசத்துக்காகப் பிளவு வருவது அபூர்வம். யார் பரிமாறுகிறார், யார் காணிக்கை எண்ணுகிறார், யாரிடம் சாவி இருக்கிறது, மைக்கில் யார் பெயர் வாசிக்கப்படுகிறது, இதில்தான் வருகிறது. வந்த இடத்திலேயே சரிசெய்யாமல் பிரசங்க பீடத்திலிருந்து சரிசெய்யப் பார்க்கிறோம்.

அப்போஸ்தலர் 6-ஐ எடுத்துப் பாருங்கள். எருசலேம் சபையின் முதல் முறுமுறுப்பே சோற்றுக் கணக்குதான். கிரேக்கரானவர்களின், அதாவது கிரேக்கு பேசிய யூத விசுவாசிகளின், விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரிப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள். அப்போஸ்தலர் பன்னிருவரும் முறுமுறுத்தவர்களைக் கண்டிக்கவில்லை, ‘விசுவாசக் குறைவு’ என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சபையிடமே விட்டுவிட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். (யூதர்களும் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டார்கள், பன்னிருவரிலேயே ஒரு பிலிப்பு உண்டு என்று வேதபாட வாத்தியார்கள் சொல்வார்கள். சரிதான். ஆனாலும் ஏழுக்கு ஏழும் அப்படி அமைந்ததைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.) குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். நம் சபைகளில் குறை சொன்னவனுக்கு அடுத்த வருஷம் வாழைக்கட்டு இறக்கும் வேலைகூடக் கிடைக்காது.

அசனத்துக்கே வருவோம். ஆயிரம் பேர் சாப்பிடும் அசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்று போட்டால் 125 கிலோ, அதாவது இருபத்தைந்து கிலோ மூட்டை ஐந்து. சாம்பார் அசனமானால் துவரம்பருப்பு 20 முதல் 25 கிலோ. கறி அசனமானால் ஆட்டுக்கறி குறைந்தது 100 கிலோ, எலும்போடு சேர்த்து. பந்திக்கு இருநூறு பேர் என்றால் ஐந்து பந்தி. உட்கார்ந்து, சாப்பிட்டு, இலை எடுத்து, துடைத்து, அடுத்த ஆட்கள் உட்கார ஒரு பந்திக்கு அரைமணி நேரம். பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தால் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது மணி மூன்று.

தப்பு எங்கே நடக்கிறது? முதல் பந்தியில். அண்டா நிறைய இருப்பதைப் பார்க்கும் கை தாராளமாகத்தான் அள்ளும். அதுவும் அடியிலிருந்து அள்ளும், கறித்துண்டு அங்கேதான் கிடக்கிறது. முதல் இரண்டு பந்தியில் முக்கால்வாசிக் கறி போய்விடும். நாலாம் பந்திக்கு யாராவது ஒரு குடம் வெந்நீரை ஊற்றிக் கிண்டுவார்கள். ஐந்தாம் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? சமையலுக்கு விறகு தள்ளியவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், வேலை முடிந்து வந்த கூலிக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்கள் இலையில் விழுவது ரசம் மாதிரி ஒன்று. முதல் பந்தியில் விருந்தினர், ஐயர் (சபைப் போதகர்), கமிட்டிக் குடும்பங்கள் என்று உட்கார்ந்திருந்ததை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதற்கப்புறம் எந்த ஐக்கியப் பிரசங்கம் காதில் ஏறும்?

இதற்குப் பெரிய ஞானம் ஒன்றும் வேண்டாம். சமையல் இறக்கியதும் கறியை வடித்துத் தனியாக எடுத்து, பந்திக்கு ஒன்றாக ஐந்து பாத்திரத்தில் பங்கு போட்டு மூடிவையுங்கள். குழம்பும் அப்படியே. திறக்கிற உரிமை ஒரே ஆளுக்கு. அவர் எந்தப் பந்தியிலும் பரிமாறக் கூடாது, பரிமாறப் போனால் அவர் கையும் மற்றவர் கை மாதிரி ஆகிவிடும். சொந்தக்காரன் உட்கார்ந்திருக்கிற வரிசையில் யாரும் கரண்டி பிடிக்க வேண்டாம். இருபத்தைந்து பேர் கொண்ட வரிசைக்குச் சோற்றுக்கு இரண்டு பேர், குழம்புக்கு ஒருவர், கூட்டுக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர் என்று ஐந்து பேர். எட்டு வரிசைக்கு நாற்பது. ஐந்து பந்தியும் அதே நாற்பது பேர் நின்றால் மூன்றாவதிலேயே முகம் சுளிப்பார்கள், ஆகவே எண்பது பேரைத் தெருவாரியாக எழுதி, இரண்டு குழுவாக மாற்றி மாற்றி நிறுத்துங்கள். வழக்கமாக வருவது முப்பது பேர், அதுவும் மூன்று நாலு குடும்பத்துப் பையன்கள். ‘அவர்கள் வீட்டு அசனம்’ என்று ஊர் சொல்வது அதனால்தான்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குத் தூக்குவாளி முதல் பந்திக்கு முன்பே போக வேண்டும். மிஞ்சியதைக் கொடுத்தனுப்புவோம் என்று விட்டால் மிஞ்சாது. முதல் பந்தியில் முதியவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், இன்சுலின் போடுகிறவர்கள். சேகர கமிட்டி, அதாவது சபை நிர்வாகக் குழு, மொத்தமும் கடைசிப் பந்தி. கமிட்டி கடைசியில் உட்காரும் ஊரில் குழம்பில் வெந்நீர் விழுவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். கொரிந்து சபையில் இதே கூத்துதான் நடந்தது. ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறியாயிருந்தான். பவுல் கடைசியில் சொன்ன வழி மிகச் சாதாரணமானது: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் (1 கொரி. 11:33).

பந்தி விஷயம் நம் திருச்சபை வரலாற்றில் சில்லறை விஷயமும் இல்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சுற்றுக்கடிதம் எழுதி, ஆலயத்தில் சாதிவாரியாக உட்காருவதும் நற்கருணைக்குத் தனித்தனியாக வருவதும் உடனே, அடியோடு நிற்க வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். இன்றைக்கு யாரும் வெளிப்படையாகத் தனிப் பந்தி கேட்பதில்லை. ஆனால் வேலைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எச்சில் இலை எடுப்பது வருஷா வருஷம் எந்தத் தெரு? மைக் பிடிப்பது எந்தத் தெரு? பட்டியல் இல்லை என்றால், எழுதாத பட்டியல் ஒன்று எல்லார் மனதிலும் இருக்கிறது என்று அர்த்தம். எழுதி, சுழற்சியில் விட்டு, கமிட்டிச் செயலர் பெயரை இலை எடுக்கும் வரிசையில் முதலில் போடுங்கள்.

அடுத்தது காணிக்கை. இதில் நான் கொஞ்சம் கறார். ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறையில்), கதவு திறந்திருக்க, குறைந்தது மூன்று பேர், மூன்று வெவ்வேறு குடும்பம். மாமன் மச்சான் ஜோடி கூடாது. ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை, நாணயம் எவ்வளவு என்று அச்சடித்த தாளில் எழுதி மூவரும் கையெழுத்து, நகல் ஐயரிடம். பணம் பொருளாளர் வீட்டு அலமாரியில் வாரக்கணக்கில் தூங்கக் கூடாது, திங்கட்கிழமை வங்கிக்குப் போக வேண்டும். அடுத்த ஞாயிறு அறிவிப்பில் தொகை வர வேண்டும். எண்ணும் ஆட்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கட்டட நிதிக்கு என்று வந்த கவரைப் பொதுச் செலவுக்கு ‘அப்புறம் திருப்பிவிடலாம்’ என்று எடுப்பதுதான் பல சண்டைகளுக்கு விதை. எடுத்தவர் திருடர் இல்லை, மின்கட்டணம் கட்டத்தான் எடுத்திருப்பார். ஆனால் கட்டட நிதிக்குக் கொடுத்தவர் கணக்கு கேட்கும் நாளில் அதை விளக்க முடியாது.

‘நம்பிக்கை இல்லையா?’ என்று கோபப்படுகிற பொருளாளர்கள் 2 கொரிந்தியர் 8-ஐ வாசிக்கலாம். எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தை எடுத்துவரப் பவுல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பினார். ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதினார். அப்போஸ்தலனுக்கே மூன்று பேர் தேவைப்பட்டது.

ஏழைகளுக்கு உதவுவதில் இன்னொரு சிக்கல். மருத்துவச் செலவுக்கு உதவி பெற்றவர் பெயரை ஆராதனையில் வாசித்தால் அவர் அடுத்த ஞாயிறு பின் பெஞ்சுக்குப் போய்விடுவார், சில மாதத்தில் வேறு சபைக்கே போய்விடுவார். மூன்று பேர் குழு போதும், அதில் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவர் கட்டாயம். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். முடிந்தவரை ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கோ நேராகக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பொதுக்கணக்கில் பெயர் வேண்டாம், எண் போதும். அசன உபயக்காரர் பட்டியலுக்கும் இதே மாதிரி ஒரு கட்டுப்பாடு: தொகை இல்லாமல், அகர வரிசையில் பெயர் மட்டும்.

பாட்டுச் சண்டையைப் பற்றி ஒரே வார்த்தை. 1919-ல் தரங்கம்பாடியில் சபைகள் ஒன்றாவது பற்றிப் பேச்சைத் தொடங்கி, 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவாக இருபத்தெட்டு வருஷம் ஆனது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையார் என்று ஆளுக்கொரு வழிபாட்டு முறை. பழக்கமில்லாத வழிபாட்டு முறையை எந்தச் சபை மேலும் அதன் விருப்பத்துக்கு மாறாகத் திணிப்பதில்லை என்று எழுதி வாக்குக் கொடுத்துத்தான் ஒன்றானார்கள். கீர்த்தனையா, கீபோர்டு பாட்டா என்று அடித்துக்கொள்கிறவர்கள் முதல் ஆராதனையையும் இரண்டாம் ஆராதனையையும் பேசிப் பிரித்துக்கொள்ள முடியாதா?

தேர்தல் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊரே சிரிக்கும். சேகர கமிட்டியிலிருந்து திருமண்டலப் பெருமன்றம் வரை அணி பிரிந்து நிற்பதும், கோர்ட் படி ஏறுவதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாக்காளர் பட்டியலில்தான் தகராறு ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் சங்கக் காணிக்கை (சபை அங்கத்தினர் கட்டும் சந்தா) பாக்கி வைத்த குடும்பங்களுக்கு யாரோ ஒருவர் மொத்தமாகக் கட்டி ஓட்டு வாங்கித் தருவார். பாக்கிப் பட்டியலை ஆறு மாதத்துக்கு முன்பே வீடுவீடாகத் தெரியப்படுத்தி, கட்டக் கடைசித் தேதி ஒன்று வைத்து, அந்தந்தக் குடும்பம் நேரில் வந்து கட்டினால் மட்டும் ரசீது என்று முடிவு செய்தால் பாதி அடங்கும்.

மீதிப் பாதி வாட்ஸ்அப். மத்தேயு 18-ல் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். நம் சபைக் குழுவில் மூன்றாவது படி காலை ஆறு மணிக்கே வாய்ஸ் மெசேஜாக வந்துவிடுகிறது, முதல் படிக்கு ஆளே இல்லை. குழுவை அறிவிப்புக்கு மட்டும் என்று பூட்டி, அட்மின் பொறுப்பை இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவருக்குக் கொடுங்கள். தேர்தலில் தோற்ற அணியிலிருந்து அசனக் கணக்குக்கு ஒருவர், காணிக்கை எண்ண ஒருவர் என்று புதிய கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். இரண்டாம் கூட்டத்துக்குத் தள்ளினால் அதற்குள் ஜெயித்த அணி ஆட்கள் அந்த இடங்களைக் கேட்டு வந்து நிற்பார்கள்.