அமோரெய்ராஸ் கோபுரங்களுக்கு ஒரு வக்காலத்து

லிஸ்பன் போகிறேன் என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு ஒரே பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். பெலெம் கோபுரம், அல்ஃபாமாவின் சந்துகள், 28-ஆம் எண் டிராம், கஸ்டர்ட் டார்ட். அமோரெய்ராஸ் அதில் இருக்காது. கட்டடக்கலை தெரிந்தவர்களிடம் கேட்டால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். "அந்தக் கண்றாவியையா பார்க்கப் போறே?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். நான் போனேன். 28-ஆம் எண் டிராமுக்காக வெயிலில் வரிசையில் காய்கிற நேரத்துக்கு இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நகரின் மேற்குப் பக்க மேட்டில் மூன்று அலுவலகக் கோபுரங்கள், பக்கத்தில் குடியிருப்பு, அடியில் பெரிய ஷாப்பிங் மால். மொத்தமும் தோமாஸ் தவெய்ரா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. மால் திறந்தது 1985-ல். இளஞ்சிவப்பும் சாம்பலும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக நிறம், நடுநடுவே வானத்தைத் திருப்பிக் காட்டும் கண்ணாடி. கல்யாண வீட்டு வாசலில் பட்டுச்சேலை சரசரக்க நிற்கிற மூன்று அத்தைமாரைப் போல இருக்கின்றன அந்தக் கோபுரங்கள். "நாங்க வந்துட்டோம், பார்த்தியா?" என்கிற தோரணை. ஊரில் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் கண்ணில் படும்.

இந்த மாதிரிக் கட்டடப் பாணிக்குப் பின்நவீனத்துவம் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குத் தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைச் சண்டைகள்தான் ஞாபகம் வரும். பயப்பட வேண்டாம், கட்டடத்தில் அது கொஞ்சம் எளிய சங்கதி. நவீனத்துவக்காரர்கள் அலங்காரமே கூடாது, வெள்ளைச் சுவரும் கண்ணாடிப் பெட்டியும் போதும் என்று பல பத்தாண்டுகள் கறாராக இருந்தார்கள். அதில் சலித்துப் போனவர்கள் தூண், வளைவு, நிறம், கிண்டல் எல்லாவற்றையும் திரும்ப அழைத்து வந்தார்கள். 1982-ல் மைக்கேல் கிரேவ்ஸ் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஓர் அரசு அலுவலகத்துக்கு வண்ணம் பூசி ரிப்பன் கட்டினார். 1984-ல் பிலிப் ஜான்சன் நியூயார்க்கில் ஒரு வானளாவியின் தலையில் பழைய மர அலமாரியின் உச்சியைத் தூக்கி வைத்தார். அந்த அலை லிஸ்பனில் வந்து அடித்த இடம் அமோரெய்ராஸ்.

ஆனால் லிஸ்பனில் அது வெறும் பாணிச் சண்டையாக இருந்திருக்க முடியாது. போர்ச்சுகல் அப்போதுதான் எங்கிருந்து வந்திருந்தது என்று பாருங்கள். 1926 ராணுவப் புரட்சியில் தொடங்கிய சர்வாதிகாரம் 48 வருடம் ஓடி 1974 ஏப்ரல் 25-ல்தான் விழுந்தது. அப்புறம் பொருளாதாரத் தள்ளாட்டம். 1983-ல் இரண்டாவது முறையாக பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. 1985 ஜூனில் ஜெரோனிமோஸ் மடத்தில் உட்கார்ந்து இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரக் கையெழுத்துப் போட்டார்கள். அதே வருடம் இந்த மால் திறக்கிறது, அந்த நாடு அதுவரை பார்த்திராத அளவில். அரை நூற்றாண்டு அடக்க ஒடுக்கமாக இருக்கப் பழக்கப்பட்ட நாடு, கையில் காசு புரளப் போகிறது என்ற நம்பிக்கையில் கட்டிக்கொண்ட ஜிகினா இது. ரசனை போதாது என்று இதைத் திட்டுகிறவர்கள் அந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அழகான கட்டடம் என்று வாதாட வரவில்லை. அந்த இளஞ்சிவப்பு உச்சி வெயிலில் கண்ணைக் குத்துகிறது. "பழமையான நகரத்தின் முகத்தைக் கெடுத்துவிட்டது" என்கிற குற்றச்சாட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எந்தப் பழமை? 1755 நவம்பர் 1 அன்று நிலநடுக்கம், அடுத்து ஆழிப்பேரலை, அடுத்து தீ. லிஸ்பனின் மையம் மண்ணோடு மண்ணானது. இன்று நாம் படமெடுத்துத் தள்ளுகிற பைஷா பகுதி அதற்குப் பிறகு, மன்னரின் அமைச்சராக இருந்த பொம்பால் பிரபுவின் அதிகாரத்தில் கோடு போட்டுக் கட்டியது. ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி கதவு, சுவருக்குள் நிலநடுக்கத்தைத் தாங்க மரச்சட்டக் கூண்டு. அந்தக் காலத்துக்கு அது படு நவீனமான காரியம். ஆற்றங்கரையில் இருக்கும் பிராசா டு கொமேர்சியோ சதுக்கத்தின் மஞ்சளைப் பார்த்து உருகுகிறோமே, 1910-ல் முடியாட்சி போனதும் அந்தக் கட்டடங்களுக்குக் குடியரசின் இளஞ்சிவப்பு பூசினார்கள். பின்னாளில்தான் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பியது. ஆட்சி மாறினால் பெயின்ட் மாறுகிற ஊர் அது. ஆற்றின் மேல் தொங்கும் பெரிய பாலமும் 1966-ல் சர்வாதிகாரி சலாசார் பெயரோடு திறந்து, புரட்சிக்குப் பிறகு ஏப்ரல் 25 பாலம் ஆனதுதான்.

அமோரெய்ராஸ் வட்டாரமே இதற்கு நல்ல சாட்சி. கோபுரங்களிலிருந்து சற்று இறங்கி நடந்தால் ஒரு சின்னப் பூங்கா. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசாங்கப் பட்டு ஆலைக்காக மல்பெரி மரங்கள் நட்ட இடம், வட்டாரத்தின் பெயரும் அந்த மரத்தின் பெயர்தான். பூங்காவை ஒட்டியே பெருங்கால்வாய்ப் பாலத்தின் கடைசி வளைவுகள். 1731-ல் அரச ஆணை பெற்றுத் தொடங்கி, 1748-ல் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது அந்தக் கால்வாய். அல்கான்தரா பள்ளத்தாக்கைத் தாண்டுகிற இடத்தில் அதன் உயரமான வளைவு 65 மீட்டர். ஊரே சரிந்த 1755-லும் அது அசையவில்லை. கால்வாய் வந்து முடிகிற மாய் டாகுவா நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்தால் கத்தரி வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும். கனத்த கல் தூண்கள், நடுவே கரும்பச்சைத் தண்ணீர். கால்வாய்க் கட்டுமானத்தில் வேலை பார்த்த கார்லோஷ் மார்டெல்தான் நிலநடுக்கத்துக்குப் பின் பைஷாவை மறுபடி எழுப்பிய பொறியாளர்களில் ஒருவர். கால்வாய், பட்டு ஆலை, கண்ணாடிக் கோபுரம் என்று அந்த மேடு ஒவ்வொரு காலத்திலும் அந்தந்தக் காலத்துப் புதுசைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்த புகார், இது "போலி" என்பது. தூண் மாதிரி ஒரு தூண், வளைவு மாதிரி ஒரு வளைவு. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய பேட்டையான அல்ஃபாமாவில் இப்போது நடந்து பாருங்கள். சுவரில் நீல ஓடு, கொடியில் துணி, எல்லாம் அசல். வாசல் கம்பிகளைக் கவனியுங்கள். எண் பூட்டு வைத்த சின்னச் சாவிப் பெட்டிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும், வாடகைக்கு வரும் பயணிகள் எடுத்துக்கொள்ள. வீடு அசல், குடியிருந்தவர்கள்தான் காலி. நானும் அப்படியொரு பெட்டியைத் திறந்தவன்தான், அதனால் ரொம்பப் பேசக் கூடாது. அங்கிருந்து மதிய வேளையில் அமோரெய்ராஸ் மாலுக்குள் போனேன். அடையாள அட்டை கழுத்தில் தொங்க அலுவலகக் கூட்டம் கவுன்ட்டரில் நின்றபடியே சின்னக் கப்பில் காபியை இரண்டு வாயில் முடித்துவிட்டு ஓடுகிறது. ஒரு பாட்டி மளிகைப் பையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டு தோழியிடம் கதை பேசுகிறார். என்னை மாதிரி கேமராவோடு திரிந்தவர்கள் அதிகம் இல்லை. 1997-ல் லிஸ்பனிலேயே கொலம்போ என்ற இன்னொரு மால் வந்து பெருங்கூட்டத்தை இழுத்துக்கொண்ட பிறகும் இது ஒரு பேட்டைக் கடைத்தெருவாகத் தாக்குப்பிடித்து நிற்கிறது.

இதன் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. காலடி. தலைக்கு இத்தனை கற்பனை செய்தவர் தரைக்கு என்ன செய்தார்? நெடுஞ்சாலையில் போய்ச் சேரும் அகலமான சாலை ஒரு பக்கம், அதன் ஓரமாக நடந்தால் பாதசாரியை வா என்று சொல்ல ஒன்றுமில்லை. காரில் வந்து நிறுத்திவிட்டு உள்ளே போகிறவர்களுக்கான கட்டடம். உள்ளே தெரு, வெளியே முதுகு. நிறத்தைப் பற்றி நாற்பது வருடமாகச் சண்டை போட்டவர்கள் இந்த நடைபாதையைப் பற்றிப் போட்டிருக்கலாம்.

எதிர்முனையில் அல்வாரோ சீசா என்ற போர்ச்சுகீசியக் கட்டடக் கலைஞர் இருக்கிறார். 1988 ஆகஸ்டில் லிஸ்பனின் பழைய கடைவீதிப் பகுதியான ஷியாடோ தீப்பிடித்து எரிந்தபோது மறுகட்டுமானத்தை அவரிடம் கொடுத்தார்கள். எரிந்து நின்ற முகப்புகளை மீட்டு, உள்ளே முற்றங்களும் படிகளுமாகக் குறுக்குவழிகள் திறந்துவிட்டார். கூச்சல் இல்லாத வேலை, நடக்கிறவனுக்கான வேலை. இரண்டில் எது பெரிய கலை என்று கேட்டால் யோசிக்காமல் சீசா என்பேன். ஆனால் ஒரு நகரம் முழுக்க நல்ல பிள்ளைகளாகவே இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். அந்த வெள்ளை அடக்கத்துக்குப் பக்கத்தில் இந்த வாயாடியும் இருக்கட்டும். நாளைக்கு யாராவது "புதுப்பிக்கிறோம்" என்று வந்து அந்த இளஞ்சிவப்பை உரித்துவிட்டுச் சாம்பல் கண்ணாடி மாட்டினால், அதுதான் எனக்குக் கண்றாவி.

போகிறவர்களுக்கு: காமோயிஸ் சதுக்கத்திலிருந்து கிளம்பும் 24-ஆம் எண் டிராம் அந்த வழியாகத்தான் போகிறது, 28 அளவுக்குத் தள்ளுமுள்ளு கிடையாது. ஒரு கோபுரத்தின் மொட்டை மாடியில் டிக்கெட் வாங்கி ஏறலாம். ஆறு, பாலம், கோட்டை, மொன்சாந்தோ காடு எல்லாம் சுற்றிலும் தெரியும். கோபுரங்களையே பார்க்க வேண்டும் என்றால் மாய் டாகுவாவின் மாடிதான் சரியான இடம். கால்வாயும் இந்த மூன்று அத்தைமாரும் அங்கிருந்து ஒரே படத்தில் அகப்படுவார்கள். காற்று பிய்த்துக்கொண்டு போகும், தொப்பி வேண்டாம்.