சோர்வுக்குக் காரணம் 'குடலில் ஒட்டிய கழிவு' அல்ல

இரவுப்பணி பார்ப்போரின் தீராச் சோர்வுக்குக் குடலில் பல ஆண்டுகளாக ஒட்டிக் கிடக்கும் நச்சுக்கழிவே காரணம் என்றும், வாரந்தோறும் விளக்கெண்ணெய் குடித்தால் அது நீங்கிவிடும் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இது தவறு. குடலின் உட்சுவர்ச் செல்கள் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் உதிர்ந்து புதிதாக உருவாகின்றன. அதன்மேல் கழிவு ஆண்டுக்கணக்கில் படிந்திருக்க வழியில்லை. மாறாக, அடிக்கடி பேதிக்குச் சாப்பிடுபவரின் உடலிலிருந்து நீரும் பொட்டாசியமும் வெளியேறுவதால், தசைகள் துவண்டு, மாடிப்படி ஏறவே தயங்கும் அளவுக்குச் சோர்வு கூடக்கூடும்.

வயிற்றுக்கும் சோர்வுக்கும் உண்மையான தொடர்பு உண்டு. அதைத்தான் இந்தச் செய்தி மறைத்துவிடுகிறது என்பது என் கவலை. தலைவலிக்கும் முதுகுவலிக்கும் வலிமாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கி வேலையைச் சமாளிப்பவருக்கு இரைப்பையில் புண் உண்டாகி, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கசியும் இரத்தம், மாதக்கணக்கில் இரும்புச்சத்தைக் குறைத்து இரத்தசோகையில் கொண்டுபோய் விடலாம். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையோ சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையையோ நீண்ட காலம் எடுப்போருக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்த வேண்டாம்.

சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின் 100 மி.லி. இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தால் இரத்தசோகை. மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுத்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.