வாயை மூடிக்கொண்டால் போதும் என்று பொருள்

வளைகாப்பு வீட்டுக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடும்பக் குழுவிலிருந்து அது எப்படி வெளியே போனது என்று நான் கேட்கப்போவதில்லை. அத்தையின் ஒன்றரை வயதுப் பேரன் கைப்பேசியில் ஓடும் பாட்டைப் பார்த்து வாய் பிளக்கும் நேரமாகப் பார்த்துப் பருப்புச்சாதம் உள்ளே போகிறது. தலையைத் திருப்புகிறான், உதட்டை இறுக்குகிறான், ஒருமுறை துப்பியும் காட்டுகிறான். அதற்குப் பிறகுதான் நான் போய்க் கிண்ணத்தை வாங்கி வைத்தேன். "பிள்ளை சோற்றைப் பிடுங்கியவள்" என்ற பட்டம் அன்று மாலையே வந்து சேர்ந்தது, நன்றி.

நான் சொன்னது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டால் போதும் என்று பொருள். பேச்சு வராத வயதில் குழந்தையிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

3 கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோவை எட்டுகிறது. அடுத்த ஆண்டு முழுவதும் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. அதைத்தான் நாம் "ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்று புலம்பி, கைப்பேசியைக் காட்டி, வயிறு சொல்வது அவனுக்கே கேட்காதபடி செய்து, கிண்ணத்தைக் காலி செய்கிறோம். 2 வயது நிறையும்வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. கிண்ணம் காலியானால்தான் ஊட்டியவருக்கு நல்ல பெயர் என்பதால், அத்தையைக்கூட நான் குறை சொல்லமாட்டேன்.

"அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டவில்லையா?" என்று கேட்கிறீர்கள். ஊட்டினார்கள். ஆனால் நிலா ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டுக்குத் தானாகத் தாவுவதில்லை.

"நாட்டில் குழந்தைகள் சோறில்லாமல் கிடக்கும்போது இதெல்லாம் வசதி படைத்தவர்களின் கவலை" என்பதில் நியாயம் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அதே கணக்கெடுப்பில்தான் அதிக எடையுள்ள குழந்தைகளின் விகிதம் முந்தைய 2.1இலிருந்து 3.4 ஆக ஏறியிருக்கிறது. அத்தை பேரனுக்கு மேலும் நான்கு வாய் திணித்தால் பசித்த எந்தக் குழந்தையின் வயிறு நிறையும் என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு எடை ஏறவில்லை, உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். அதற்கும் மூக்கைப் பிடித்து ஊட்டுவது மருந்தல்ல.

மூக்கைப் பிடித்து என்று சும்மா எழுதவில்லை. என் தம்பிக்கு அப்படி ஊட்டியவள் நான். எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா வேலைக்குப் போய்விடுவார், கிண்ணம் காலியானால்தான் நான் பள்ளிக்குக் கிளம்ப முடியும். அவன் அழுவான், அழ வாய் திறக்கும்போது அடுத்த வாய். வந்தவர்களெல்லாம் "கொழுகொழுவென்று இருக்கிறான்" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. அவன் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அதே வாய்களே "குண்டா" என்று கூப்பிட்டன. பந்தியில் அவன் இரண்டாவது பூரிக்குக் கை நீட்டியதும் எழுந்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்றும் அவனுக்கு இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கத் தெரியாது.

ஆகவே, "பெற்றவளுக்குத்தான் தெரியும், உனக்கென்ன தெரியும்" என்று எழுதியவருக்கு: எனக்குக் குழந்தையில்லை என்பதை நீங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை, வளைகாப்பில் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னபோதே அது எனக்கு நினைவூட்டப்பட்டுவிட்டது. அங்கே தள்ளி உட்கார்ந்திருந்ததால்தான் அவன் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது.

காணொளியை இனியும் பகிர்பவர்கள், வெட்டி எடுத்த கடைசிப் பகுதியையும் சேர்த்துப் போடுங்கள். கிண்ணம் போனதும் அவன் அழவில்லை. அத்தை மடியிலிருந்து இறங்கி, வளையல் தட்டுக்குப் போய், பச்சை வளையல் ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தான்.