பட்டை சேர்த்தால் தீராது இந்தக் கோளாறு

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் செல்லும் லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தால், வளைவின் நடுவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் எந்த ஓட்டுநரால் இருக்க முடியும்? எடுத்த நொடியிலேயே என் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசுகிறது. இதைச் சொல்லித் தருமபுரியில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினால், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "ஸ்பிரிங் செத்துப் போச்சு சார், ஒரு பட்டை சேர்த்துடலாம்" என்கிறார்கள். இந்த ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது.

கோளாறு, பட்டை எனப்படும் எஃகுத் தகடுகளை அடுக்கிய அந்த ஸ்பிரிங்கின் வலுவில் இல்லை. ஆக்சிலின் அமைப்பில் இருக்கிறது. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சேசிஸோடு அசையாமல் நிற்க, இருபுறமும் செல்லும் அரை ஆக்சில்களுக்கு உள்முனையில் மட்டுமே மூட்டு இருப்பதால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறுகிறது; ஊசலாடும் ஆக்சில் என்பது இதைத்தான். காலை எடுத்ததும் எடை முன்னால் போய், பின்புறம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடிகிறது. முழு அகலத்தால் தரையைப் பற்ற வேண்டிய டயர் ஓரத்தில் நிற்கிறது. இதற்குப் பட்டை சேர்த்தால் பின்புறம் நிரந்தரமாக உயர்ந்து, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே சக்கரம் பாதி மடிந்துவிடும்.

வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியும் எனக்கு அதைத்தான் செய்தார்கள். அலைன்மென்ட் கடையிலோ முன் சக்கரங்களை மட்டும் அளந்துவிட்டு, பின்னால் சரிசெய்ய ஒன்றுமில்லை என்றார்கள்; பின் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணமான டோவைத் தீர்மானிக்கும் மெல்லிய ஷிம் தகடுகள், சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் அருகே இருப்பதைக் கைகாட்டிய பிறகும் அவர்கள் அசையவில்லை. பாரவண்டிகளுக்குப் பட்டை கட்டுவதில் எங்கள் ஊர்க்காரர்கள் கைதேர்ந்தவர்கள், அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் பாரம் தாங்குவது வேறு, வளைவில் சக்கரத்தை நிமிர்த்தி வைப்பது வேறு.

தீர்வு ஒன்றும் ரகசியமில்லை. இதே காரின் அடுத்த வடிவமாக 1970இல் அறிமுகமான மார்க் 4இல், பட்டைகளை மொத்தமாக இறுக்கிப் பிணிக்காமல் பெரும்பாலானவற்றை நடுவில் ஊசலாடவிட்டு, வண்டி பக்கவாட்டில் சாயும்போது பின்புறம் காட்டும் விறைப்பைக் குறைத்தார்கள். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்புற ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள். அதாவது, இங்கே எனக்குச் செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்தார்கள். இதே ஊசலாடும் ஆக்சிலுடன் ட்ரையம்ப் ஹெரால்டு காரைச் சென்னையில் தயாரித்த ஸ்டாண்டர்டு நிறுவனமும் பின்னர் கெசல் காரில் அதைக் கைவிட்டு, இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சிலுக்கு மாறியது. நம் மண்ணிலேயே நடந்த இந்த மாற்றத்தை, பழைய கார் வேலை தெரியும் என்று பலகை மாட்டியிருப்பவர்களாவது அறிந்திருக்க வேண்டாமா?

பின்புற உயரத்தையும் சக்கரச் சாய்வையும் அளந்து, சக்கரத்தைத் தாங்கும் புஷ்களில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்பேனரை எடுங்கள் என்பதைத் தவிர நான் எதையும் கேட்கவில்லை. சேர்த்த பட்டையைக் கழற்றித் தாருங்கள் என்றேன். அதற்கும் தனியாகக் கூலி கேட்கிறார்கள்.