‘அழாதீங்க’ என்று இனி ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும்

இன்று காலை மட்டும் அம்மாவிடம் 11 பேர் சொன்னார்கள். 12-ஆவது ‘அழாதே’ எனக்கே வந்தது.

விடியும் முன்னே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பி ஆஸ்பத்திரி வரிசையில் அம்மாவை உட்கார வைத்திருக்கிறேன். கோவிலில் பார்த்துப் பழகிய ஒரு ஆன்ட்டி வந்து, “என்ன அக்கா, சாப்பிட்டாச்சா?” என்றார். சாப்பிட்டாச்சா! வேறு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா “ரொட்டி” என்று ஆரம்பித்தார், அந்த ‘ரொட்டி’யைத் தாண்டவில்லை, வாய் கோணி, தோள் குலுங்கி, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. உடனே ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டு, “அழாதீங்க அக்கா, அழக்கூடாது, முருகன் இருக்கார்” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, ஆனால் அம்மாவுக்கு நன்றாகக் கேட்கும்படி, “வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா? நீ நல்லாப் பாத்துக்கிறியா?” என்று கேட்டார். முன்னால் இருந்தவர் திரும்பி டிஷ்யூ நீட்டினார், “அழாதீங்க”. அவருக்கு அடுத்தவர், “பாவம், புருஷன் போயிட்டாரா?” என்றார். அப்பா வண்டியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்! ஆளாளுக்கு ஆறுதல் சொல்லச் சொல்ல அம்மாவுக்கு அழுகை கூடியது. ஒரு ரொட்டிக்கு இத்தனை துக்கம் விசாரிப்பு.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து 8 மாதம் ஆகிறது. அழுகையையும் சிரிப்பையும் அடக்கிவைக்கிற மூளையின் பிடி அதில் தளர்ந்துவிட்டது. சூடோபல்பர் அஃபெக்ட் என்று பெயர். தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கும் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் நலிந்துபோகும் மோட்டார் நியூரான் நோய் உள்ளவர்களுக்கும் இது வரும். மனதில் ஒன்றும் இருக்காது, கண் மட்டும் கொட்டும், சில நொடியோ சில நிமிடமோ இருந்துவிட்டு வந்த வேகத்தில் போய்விடும். மனச்சோர்வு வேறு, அது வாரக்கணக்கில் மேலே உட்கார்ந்து தூக்கத்தையும் பசியையும் தின்னும். ஒருவருக்கே இரண்டும் வரலாம், அதனால்தான் டாக்டர் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டு போகிறேன்.

அழுகைக்கு இளிவு (அவமானம்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை என்று தொல்காப்பியர் நான்கு காரணம் சொன்னார். நம் ஜனங்களும் அந்த நான்கில் ஒன்றை அம்மாவிடமிருந்து பிடுங்காமல் விடுவதில்லை. ஏன்? விளக்கு அழுது வடிகிறது என்கிறோம், விளக்குக்கு யார் ஆறுதல் சொன்னது? அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை யாரும் தட்டிக்கொடுப்பதில்லை. பிரசவ வார்டில் குழந்தை வீல் என்று கத்தாவிட்டால் பதறிப்போகிறோம், கத்தினால் சிரிக்கிறோம், அந்த அழுகையில் முதல் சில வாரம் கண்ணீர்கூட வராது. கண்ணீர் இல்லாத அழுகை உண்டு என்றால் துக்கம் இல்லாத கண்ணீரும் உண்டு என்று புரிந்துகொள்வதில் என்ன கஷ்டம்?

புரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். அம்மாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜூலுப் பாட்டி. அவர் மொழியில் அழுவதற்கும், போன் மணி அடிப்பதற்கும், குறை சொல்வதற்கும் ‘உகுகாலா’ என்ற ஒரே சொல்தான். டாக்ஸி வரத் தாமதமான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், அம்மா அழுததும் நிறுத்தினார், அம்மாவின் பையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார், அழுகை ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். என் அம்மாவுக்கு வேண்டியது அதுதான், அதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை!

உள்ளே போனால் அந்த இளம் டாக்டரும், “தைரியமா இருக்கணும் ஆன்ட்டி, அழக்கூடாது” என்கிறார். தைரியமா? இதற்கென்றே ஒரு மாத்திரைக்கு அமெரிக்காவில் 2010-இல் அனுமதி கொடுத்தாயிற்று. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதற்குக் கேட்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இதே நோய்தான், இந்த முறை சிரிப்பாக வந்தது. டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க எனக்கும் அடக்க முடியவில்லை, 8 மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் அதே ஆன்ட்டி எழுந்து வருகிறார். “நீயும் அழாதேம்மா.”

இதில் பார்க்கிங்குக்கு வேறு 40 ரேண்ட் அழ வேண்டும். 5 மணி நேரம் காக்க வைத்ததும் அவர்கள், 5 மணி நேரம் வண்டி நின்றதற்குக் காசு கேட்பதும் அவர்கள்!