ஸ்டேடியத்துக்கு ஒரு நியாயம், ரயிலுக்கு ஒரு நியாயம்

சியாட்டிலில் இருக்கிற நண்பர்களுக்கும், "உங்க ஊர்ல என்னப்பா நடக்குது" என்று அவ்வப்போது கேட்கும் ஊர் நண்பர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். மேயர் தேர்தல், லைட் ரெயில் (ஊருக்குள் ஓடும் மின்சார ரயில்), காலேஜ் ஃபுட்பால் மூன்றையும் ஒரே பதிவில் பேசப்போகிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். இங்கே வாழ்கிறவர்களுக்கு மூன்றும் ஒரே சண்டைதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஸ்டேடியம் என்றால் எப்படியாவது வழி பிறந்துவிடுகிறது. ரயில் என்றால் மட்டும் திரும்பத் திரும்பப் பரீட்சை. ஃபுட்பால் பிடிக்காததால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹஸ்கீஸ் அணி ஆடும் சனிக்கிழமைகளில் ஊதா நிறச் சட்டை போடாமல் நான் வெளியே போவதில்லை. டச்டவுன் (நம்மூர் கால்பந்தில் கோல் மாதிரி) விழுந்ததும் அந்த ஸ்டேடியத்தில் ஒரு சைரன் ஊதும், கேட்டால் இன்னமும் உடம்பு சிலிர்க்கும். ஏரிக்கரையில் கட்டிய ஸ்டேடியம் அது, 1920-இல் திறந்தது. ஆட்டம் பார்க்கப் படகிலேயே வந்து கட்டிப்போட்டுவிட்டு ஏறிப்போகிறவர்கள் உண்டு. நாட்டில் இதைவிட அழகான ஆட்டக்களம் இல்லை என்பது என் கட்சி.

சரி, பழைய கதைக்கு வருகிறேன்.

1968 பிப்ரவரியில், சியாட்டில் அடங்கிய மாவட்டமான கிங் கவுன்டி மக்கள் முன்னால் 'ஃபார்வர்டு த்ரஸ்ட்' என்ற பெயரில் ஒரு கட்டுத் திட்டங்களை வைத்தார்கள். பூங்காக்கள், சாலைகள், ஒரு பெரிய ஸ்டேடியம், கூடவே ஒரு ரயில். சொத்து வரியை வைத்துக் கடன் வாங்குவதால் ஒவ்வொன்றுக்கும் 60 சதவீத ஆதரவு வேண்டும் என்பது சட்டம். ஸ்டேடியத்துக்கு அந்த 60 கிடைத்தது. ரயிலுக்குக் கிடைத்தது 50.8. பாதிக்கு மேல் மக்கள் வேண்டும் என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் தோல்வி. 1970-இல் இன்னொரு முறை கேட்டார்கள். அது போயிங்கில் பல்லாயிரம் பேருக்கு வேலை போய்க்கொண்டிருந்த நேரம். வீட்டுக்கடன் கட்டவே வழியில்லாதவனிடம் வரி கேட்டால் என்ன சொல்வான்? ஆதரவு 46 சதவீதத்துக்கு இறங்கியது. செனட்டர் வாரன் மேக்னுசன் வாஷிங்டன் டி.சி.யில் போராடி ஒதுக்கி வைத்திருந்த கிட்டத்தட்ட 900 மில்லியன் டாலர் கூட்டரசுப் பணம் அட்லான்டாவுக்குப் போனது. அங்கே 1979-இல் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. சியாட்டிலில் முதல் லைட் ரெயில் ஓடியது 2009 ஜூலையில்.

அதே 1968 வாக்கெடுப்பில் ஜெயித்த ஸ்டேடியம் என்ன ஆனது தெரியுமா? கிங்டோம் என்று பெயர் வைத்து 1976-இல் திறந்தார்கள். 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் கட்டடத்துக்காக வாங்கிய கடன் அடைந்து முடிந்தது 2015-இல். இடித்துப்போட்ட கட்டடத்துக்கு 15 வருடம் தவணை கட்டிய ஊர் இது.

1995-ஆம் ஆண்டையும் சொல்லியாக வேண்டும். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அதை நினைத்தால்தான். அந்த மார்ச்சில் ரயில் திட்டம் வாக்கெடுப்பில் தோற்றது. செப்டம்பரில் புது பேஸ்பால் ஸ்டேடியத்துக்கான வரியும் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. இரண்டையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். ரயில்காரர்கள் வாயை மூடிக்கொண்டு திட்டத்தைச் சுருக்கி, அடுத்த வருடம் நவம்பரில் மறுபடி வந்து நின்றார்கள். ஸ்டேடியத்துக்கு மட்டும் சில வாரங்களில் மாநிலச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு வேறு வழியில் பணம் ஒதுக்கிக் கொடுத்தது. 1999-இல் திறப்பு விழாவும் நடந்துவிட்டது. அப்புறம் 1997-இல் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணிக்கான ஸ்டேடியம். மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வைத்து 51 சதவீதத்தில் ஜெயித்தது. 1968-இல் ரயில் வாங்கியதும் ஏறக்குறைய அதே அளவுதான்.

ரயிலுக்காகப் பின்னால் வந்த மூன்று பெரிய வாக்கெடுப்புகளும் ஜெயித்தன. 1996-இல் 56 சொச்சம், 2008-இல் 57, 2016-இல் 54 சதவீதம். மூன்றில் ஒன்றுகூட 60-ஐத் தொடவில்லை. பழைய விதியே இருந்திருந்தால் இன்று நாம் ஏறிப்போகும் ஒரு மைல் தண்டவாளமும் இருந்திருக்காது. "ரயில் இந்த ஊர் மக்களுக்கே வேண்டாமாமே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இப்போது ஃபுட்பால். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இது நம் கால்பந்து கிடையாது, ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரி அணிகள் ஆடுவதைப் பார்க்கவே எழுபதாயிரம் பேர் வருவார்கள். மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1915-இல் தொடங்கிய கூட்டமைப்பு, பின்னாளில் பேக்-12 ஆனது. 2023 ஆகஸ்ட் 4 அன்று வாஷிங்டன், ஆரிகன் பல்கலைக்கழகங்கள் அதைவிட்டு பிக் டென் என்ற வேறொரு கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. காரணம் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம். நூறு வருடத்துக்கு மேல் நின்ற ஒன்று அந்த ஒரே நாளில் சரிந்தது. இது அரசுப் பல்கலைக்கழகம், நம் எல்லோருடைய சொத்து. ஆனால் அந்த முடிவை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. 60 சதவீதமும் வேண்டியிருக்கவில்லை, 51-உம் வேண்டியிருக்கவில்லை.

அடிபட்டது யார்? மலை தாண்டிக் கிழக்கே புல்மன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் அந்தரத்தில் விடப்பட்டது. அந்த ஊர்க் கடைகளும் விடுதிகளும் இலையுதிர்கால ஆட்டங்களை நம்பியே ஓடுகின்றன. வருடாவருடம் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் இரண்டு அணிகளும் மோதும் ஆப்பிள் கப், 2024-இல் செப்டம்பருக்கு மாற்றப்பட்டது. அதில் அவர்கள் நம்மை 24-19 என்று தோற்கடித்தார்கள். ஹஸ்கீஸ் ரசிகனாக இருந்தும் அன்றைக்கு எனக்கு வருத்தமே வரவில்லை. அந்த வெற்றிக்கு அவர்கள் உரியவர்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் நம் பையன்கள் நியூ ஜெர்சிக்குப் பறந்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு அங்குள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியிடம் தோற்றுவிட்டு வந்தார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள், திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறவர்கள். ஒரு சாதாரணச் சீசன் ஆட்டத்துக்காக நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறக்கவைப்பது சரியில்லை. 2023 சீசனில் நம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பெனிக்ஸ் பந்தை எறிந்த அழகையும், பதினாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து ஹூஸ்டனில் மிச்சிகனுடன் இறுதி ஆட்டம் வரை போனதையும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பேக்-12 உடைவதற்கு முந்தைய அந்தக் கடைசிச் சீசன்தான் அப்படி அமைந்தது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அடுத்து மேயர் தேர்தல். 2025-இல் எதிரும் புதிருமாக நின்றவர்களைப் பாருங்கள். பதவியில் இருந்த புரூஸ் ஹாரல் எழுபதுகளில் இதே ஹஸ்கீஸ் அணியின் லைன்பேக்கர் (தடுப்பாட்டக்காரர்), 1978-இல் ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் மிச்சிகனை வென்ற அணியைச் சேர்ந்தவர். எதிரே கேட்டி வில்சன், 'ட்ரான்சிட் ரைடர்ஸ் யூனியன்' என்ற பஸ் பயணிகள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், சொந்தக் கார் இல்லாதவர். முதல் நாள் எண்ணிக்கையில் ஹாரல் நன்றாகவே முன்னால் இருந்தார். இங்கே வாக்கு அஞ்சலில் வருவதால் எண்ணி முடிக்க நாட்கள் ஆகும். கடைசியில் சுமார் இரண்டாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வில்சன் ஜெயித்தார்.

நான் வில்சனை ஆதரித்தேன். ஹாரல் மீது எனக்கு மரியாதை உண்டு. இந்த ஊரிலேயே பிறந்து, ஊருக்காக ஆடி, ஊருக்காக உழைத்தவர். ஆனால் 8-ஆம் எண் பஸ் விஷயம் ஒன்று போதும் நான் ஏன் மாறினேன் என்று சொல்ல. டென்னி வே சாலையில் அந்த பஸ் மாலை நேரத்தில் நகரவே நகராது. வருடக்கணக்கில் இதே பாடு. 2025 கோடையில் பயணிகளும் சாலைப் பாதுகாப்பு ஆர்வலர்களும் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்தார்கள், பஸ்ஸுக்கும் மனிதனுக்கும். நடந்து வந்தவர்களே பஸ்ஸை முந்திவிட்டார்கள். அங்கே பஸ்ஸுக்கென்று தனித் தடம் போட என்ன வேண்டும்? சுரங்கம் தோண்ட வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம். பெயின்ட்டும், கார்காரர்களின் கோபத்தைத் தாங்கும் துணிச்சலும் போதும். அந்தத் துணிச்சல் பழைய நிர்வாகத்துக்கு வரவில்லை. வில்சன் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்று நான் நம்பவில்லை. நிர்வாக அனுபவம் அவருக்குக் குறைவுதான். ஆனால் மழையில் பஸ்ஸுக்காக நிற்பது எப்படி இருக்கும் என்று மேயர் நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

இந்த மழை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 2016 மார்ச்சில் திறந்த யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது? வகுப்பறைகளுக்கு நடுவில் இல்லை, ஹஸ்கி ஸ்டேடியத்தின் வாகன நிறுத்தத்தில். ஆட்ட நாளில் அதைவிட வசதி கிடையாது. டவுன்டவுனிலிருந்து ஆறே நிமிடம், மேலே வந்தால் வாசல். ஆட்டம் முடிந்ததும் கம்பித் தடுப்புகளுக்கு நடுவே வரிசை கட்டி, கையில் ஒலிபெருக்கியோடு ஆட்கள் நின்று, கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவார்கள். நெரிசல் இல்லை, சண்டை இல்லை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்கூட நிம்மதியாக ரயில் ஏறுவார்கள்.

அதே இடத்துக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள். கிர்க்லேண்டிலிருந்து வரும் 255 பஸ் முன்பெல்லாம் நேராக டவுன்டவுன் போகும். 2020 மார்ச்சிலிருந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள், ரயில் இருக்கிறதே மாறிக்கொள்ளுங்கள் என்று. மான்ட்லேக் சாலையில் இறங்கி, சிக்னலுக்குக் காத்திருந்து, அகலமான சாலையைக் கடந்து, நீண்ட எஸ்கலேட்டர்களில் கீழே போக வேண்டும். எதிரே பல்கலைக்கழக மருத்துவமனை. ஊன்றுகோலோடு வருகிறவர்களும் அதே சிக்னலில்தான் நனைகிறார்கள். 2018 மார்ச்சில் எஸ்கலேட்டர்கள் நின்றுபோனபோது, படிக்கட்டு இருந்தும் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்காததால் ஜனம் லிஃப்ட் வாசலில் வரிசையில் நின்றது ஊரறிந்த விஷயம். எழுபதாயிரம் பேரை ஒரு மாலையில் பத்திரமாக அனுப்பத் தெரிந்த ஊருக்கு, தினமும் வருகிற நர்ஸுக்கும் மாணவனுக்கும் அதே அக்கறையைக் காட்டத் தெரியாதா? சனிக்கிழமை செய்கிறோமே!

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் பணம். சியாட்டிலின் வடமேற்கில் இருக்கும் பல்லார்டு வரை ரயில் வரும் என்று சொல்லித்தான் 2016-இல் வாக்கு வாங்கினார்கள். முதலில் 2035 என்றார்கள், பிறகு 2039 என்றார்கள். இப்போது ரயிலைக் கட்டி நடத்தும் அமைப்பான சவுண்ட் ட்ரான்சிட்டின் நீண்டகாலக் கணக்கில் 30 பில்லியன் டாலருக்கும் மேல் துண்டு விழுகிறது. பாதையைப் பாதியில் நிறுத்தலாமா என்ற பேச்சும் அடிபடுகிறது. ஏரி மேல் மிதக்கும் பாலத்தில் ரயில் விடும் வேலையே, தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் சரியில்லை என்று உடைத்துத் திரும்பக் கட்டி, வருடக்கணக்கில் தாமதமானது. செலவு ஏறியது உண்மை. அதை யாரும் மறைக்க வேண்டாம். ஸ்டேஷன்களைச் சின்னதாகக் கட்டுங்கள், ஆழத்தைக் குறையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பல்லார்டை வெட்டக்கூடாது. இத்தனை வருடமாக வரி கட்டியவர்களிடம் பாதி வழியில் இறங்கிக்கொள்ளச் சொல்வது நம்பிக்கைத் துரோகம். அப்புறம் சியாட்டில் பஸ் சேவைக்காக 2020-இல் ஜெயித்த விற்பனை வரி 2027-இல் காலாவதியாகிறது. அன்றைக்கு 80 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதைப் புதுப்பிக்காவிட்டால் பஸ்கள் குறையும்.

ஏரிக்குக் கிழக்கே, ஈஸ்ட்சைடில் இருக்கும் நம் தமிழ் நண்பர்களில் பலர் "நமக்கு ஓட்டே கிடையாது, நமக்கெதுக்கு" என்கிறார்கள். விசாவில் இருந்தாலும் ரெட்மண்டில், பெல்வியூவில் விற்பனை வரி கட்டி வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் நூறு டாலருக்கு 1.4 டாலர் சவுண்ட் ட்ரான்சிட்டுக்குப் போகிறது. கார் பதிவைப் புதுப்பிக்கும்போது தனியாக இன்னொரு வரி. பணம் கட்டுகிறவர்களுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அதன் பதினெட்டுப் பேர் கொண்ட போர்டை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. மேயர்கள், கவுன்டிக்காரர்கள் என்று வேறு பதவிக்கு ஜெயித்தவர்கள்தான் பெரும்பாலும் அதில் உட்காருகிறார்கள். அதனால் அவர்கள் முகத்துக்கு நேரே போய்ச் சொல்வதற்கு மதிப்பு இருக்கிறது. பேச வருகிறவர்களிடம் யாரும் குடியுரிமை கேட்பதில்லை.

கூட்டம் பொதுவாக மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை மதியம், யூனியன் ஸ்டேஷனில் நடக்கும். சைனாடவுன் நிறுத்தத்தில் இறங்கினால் பக்கத்திலேயே. அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன், பல்லார்டு பற்றியும் மான்ட்லேக் சிக்னல் பற்றியும் பேச. வர விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நார்த்கேட்டிலிருந்து சேர்ந்தே ரயிலில் போகலாம்.