சேவல் கூவிய பிறகு வரும் பார்வை

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷத்தை நாடகமாகவும் தொடராகவும் எடுத்தால் வேதத்தில் இல்லாததெல்லாம் உள்ளே வந்துவிடும், அதனால் பார்க்க வேண்டாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வரத்தானுங்க செய்யும். இயேசுவின் சீடன் பேதுருவின் மாமியார் எப்படிப்பட்டவர், இன்னொரு சீடன் மத்தேயு வீட்டு விருந்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் எடுப்பவர்களின் கற்பனைதான். ஆனால் வேதத்தில் இருப்பதையே நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிறோமே, அதற்கு என்ன சொல்வது?

லூக்கா சுவிசேஷம் 22-ம் அதிகாரத்தில், பிடிபட்ட இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்றாம் முறை மறுதலித்துப் பேசும்போதே சேவல் கூவுகிறது, கர்த்தராகிய இயேசு திரும்பி அவனைப் பார்க்கிறார். மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இந்தப் பார்வை கிடையாது. எத்தனையோ தடவை வாசித்தும் எனக்குச் சேவல்தான் மனதில் நின்றது. சோமனூர் பக்கம் ஒரு சபையில் பெரிய வெள்ளிக்கு முந்தின ராத்திரி போட்ட நாடகத்தில், பேதுருவாக வந்த தறிக்காரர் நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டே "அந்த ஆளை எனக்குத் தெரியாதுங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார், எதிரே கை கட்டப்பட்டபடி இயேசு. அந்த இடத்தில் பேச்சே இல்லை (மைக் இரைச்சல் மட்டும் தாராளம்). மறுதலிப்பு என்றால் ஏதோ பெரிய துரோகம் என்று நினைக்கிறோம், பனியன் கம்பெனியில் டீ நேரத்தில் சங்கடம் வேண்டாமென்று நழுவுகிற ஒரு வார்த்தையும் அதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் பார்க்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பார்த்துவிட்டு அன்றைக்கே அந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள், எது வேதம் எது சேர்த்தது என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.